கிறிஸ்துமஸ் ராத்திரி முப்பது பேருக்கு வீட்டிலேயே விருந்து: கறி எவ்வளவு, பந்தி எங்கே, யார் பரிமாறுவது?

நரிமேடு மருமகள் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மதுரை நரிமேட்டில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். டிசம்பர் 25 ராத்திரிச் சாப்பாடு என்றால் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் எங்கள் வீடுதான். இதுவரைக்கும் அத்தைதான் முழுப் பொறுப்பு. நான் வெங்காயம் உரிப்பேன், இலை போடுவேன், அவ்வளவுதான். இந்த வருஷம் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, இப்போதுதான் வாக்கர் பிடித்து நடக்கிறார்கள். இந்தத் தடவை விருந்து வேண்டாம் என்று மாமா சொன்னதும் அத்தை முகம் வாடிப்போய்விட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வருகிறவர்களோடு எங்களையும் சேர்த்து முப்பது பேர். பெரியவர்கள் 21, பிள்ளைகள் 9. கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் குடும்பம், பெங்களூரிலிருந்து கொழுந்தன், திண்டுக்கல்லிலிருந்து பெரிய மாமா வீட்டார். கீழ் வீட்டில் இருக்கும் ஓனர் குடும்பம் ஐந்து பேர், அவர்கள் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பெரியவர்களில் நான்கு பேருக்குச் சர்க்கரை.

ஹாலில் நெருக்கி உட்கார்ந்தால் பன்னிரண்டு பேர். மொட்டை மாடி எங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. அடுப்பு மூன்று பர்னர். அதிகாலை நாலரைக்கு ஆராதனை, அதனால் மூன்று மணிக்கே எழுந்துவிடுவோம். பக்கெட் பிரியாணி சொல்லிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். பண்டிகையன்று வீட்டுக்குள் பிரியாணி வாசம் வரவேண்டும் என்கிறார்கள் அத்தை. எனக்கும் அதுதான் ஆசை.

அரிசி, கறி எவ்வளவு எடுக்கட்டும்? வீட்டு அடுப்பில் முடியுமா, மாஸ்டர் வைக்கவேண்டுமா? சைவக்காரர்களுக்கு என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ஞானஒளிவுபுரம் டீச்சர் எழுதியது:

மகளே, அத்தை முகம் வாடினதைப் பார்த்து நீ எடுத்த முடிவு நல்ல முடிவு. தைரியமாகச் செய். முப்பது பேர் வீட்டு அடுப்புக்கு அடங்குகிற கூட்டம்தான்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாரும் சமையலைப் பற்றியே யோசிப்பார்கள். விருந்து கெட்டுப்போவது பெரும்பாலும் பரிமாறுகிற இடத்தில்தான். பிரியாணி அருமையாக வந்திருக்கும், ஆனால் ஒருத்தர் இலையில் குழம்பு வந்து சோறு வந்திருக்காது. பிள்ளைகள் தண்ணீருக்குக் கத்தும். வீட்டுக்காரி கரண்டியும் கையுமாக ஓடி, கடைசியில் பத்தரை மணிக்கு அடுப்படியில் நின்றபடியே ரெண்டு வாய் சாப்பிடுவாள். அது நடக்கக்கூடாது. அதனால் ஐட்டத்தைக் குறை, பரிமாறுகிற ஆளைக் கூட்டு. மட்டன் பிரியாணி, தால்சா, சிக்கன் மிளகு வறுவல், வெங்காயப் பச்சடி, ஒரு இனிப்பு. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கோலா உருண்டை போடு, சுக்கா போடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அதெல்லாம் புதுவருஷத்துக்கு ஆகட்டும்.

இப்போது அளவு. சீரகச் சம்பா ஒரு கிலோ போட்டால், கூட வறுவலும் தால்சாவும் இருக்கும்போது, பெரியவர்கள் எட்டிலிருந்து பத்துப் பேர் வயிறாரச் சாப்பிடலாம். சைவக்காரர்கள் ஐந்து பேரைக் கழித்தால் உனக்கு இருபத்தைந்து பேர், அதில் பிள்ளைகளும் உண்டு. இரண்டரைக் கிலோ தாராளம். ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டுமென்றால் மூன்றாக்கிக்கொள். கறி மூன்றரைக் கிலோ. தால்சாவுக்கு எலும்பு அரைக் கிலோ தனியாகக் கேள். சிக்கன் இரண்டு கிலோ போதும்.

கறிக்கடையில் 23ஆம் தேதியே சொல்லிவைக்க வேண்டும். பண்டிகையன்று காலையில் போய் நின்றால் கூட்டத்தில் என்ன வெட்டிக் கொடுக்கிறார்களோ அதுதான் கிடைக்கும். இளங்குட்டியாக, தொடையும் நெஞ்செலும்பும் முன்னங்காலும் கலந்து, கொஞ்சம் பெரிய துண்டாகப் போடச் சொல். வெறும் தொடைக்கறி பிரியாணிக்கு ருசி கொடுக்காது, எலும்பிலிருந்து இறங்குகிற சாறுதான் அரிசிக்குள் போகவேண்டும். ஆராதனை முடிந்து வரும் வழியிலேயே உன் வீட்டுக்காரர் வாங்கி வந்துவிடட்டும்.

மூன்று கிலோவை ஒரே தேக்சாவில் போடாதே. வீட்டு பர்னரின் சூடு நடுவில் மட்டும்தான் நிற்கும். அடி பிடிக்கும், மேலே அரிசி விறைத்துக் கிடக்கும். கிளறினால் சீரகச் சம்பா உடைந்து குழைந்துவிடும். ஒன்றரை ஒன்றரையாக இரண்டு தேக்சா, இரண்டு பர்னர். மூன்றாவது பர்னர் தால்சாவுக்கு.

காலை பத்து மணிக்குள் கறியை மசாலாவோடு குக்கரில் முக்கால் பதம் வேகவைத்து, ஆறினதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடு. சாப்பிட்டுவிட்டு எல்லாரும் படுத்துத் தூங்குங்கள். நீயும் தூங்க வேண்டும், மூன்று மணிக்கு எழுந்த உடம்பு அது. நாலரைக்கு எழுந்து டீ குடித்துவிட்டு, சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, புதினா, மல்லி எல்லாம் வதக்கி, வெந்த கறியையும் அதன் சாற்றையும் ஊற்று. அரிசியை இருபது நிமிஷம் ஊறவைத்து வடித்துக்கொள். ஒரு படி அரிசிக்கு ஒன்றே முக்கால் படி நீர். கறிச்சாறு, தயிர் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு, தனியாகத் தண்ணீரை அளந்து ஊற்றிவிடாதே. உப்பு அந்த நீரில் ஒரு பங்கு தூக்கலாகத் தெரிய வேண்டும், அரிசி இழுத்துக்கொண்டதும் சரியாகிவிடும்.

அரிசி போட்டதும் நன்றாகக் கொதிக்கவிடு. கொஞ்ச நேரத்தில் நீர் வற்றி, அரிசியும் மசாலாவும் ஒரே மட்டத்துக்கு வரும். மேலே சின்னச் சின்னக் குழியாக விழுந்து, ஒவ்வொரு குழியிலும் எண்ணெய் கொப்பளிக்கும். அதுதான் நேரம். தேக்சாவைத் தூக்கிப் பழைய தோசைக்கல் மேல் வை, தீயைச் சிம்மில் வை. ஈரத் துணியைச் சுற்றின மூடியைப் போட்டு, மேலே வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றைப் பாரமாக வை. துணி முனை தீப்பக்கம் தொங்காமல் மேலே மடித்துவிடு. இருபது நிமிஷம். அடுப்பை அணைத்த பிறகும் கால் மணி நேரம் மூடியைத் தொடாதே. யார் கேட்டாலும் திறந்து காட்டாதே. எடுக்கும்போது கரண்டி வேண்டாம். டீ சாசர் ஒன்றை ஓரமாகச் செருகி அடியிலிருந்து அள்ளினால் அரிசி முறியாமல் வரும், துண்டும் எல்லார் இலைக்கும் சமமாகப் போகும்.

ஏழு மணிக்கு ஜெபம். பிள்ளைகள் வசனம் சொல்வது, பாட்டு, பரிசு எல்லாம் அதற்குள் முடியட்டும். இலையில் சோறு வைத்துவிட்டு நீள ஜெபம் செய்யக்கூடாது என்று மாமாவிடம் பக்குவமாக முன்கூட்டியே சொல்லிவிடு.

பந்தி இரண்டாக வை. முதல் பந்தியில் பிள்ளைகள், சர்க்கரைக்காரர்கள், கீழ் வீட்டார். ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் மயக்கம் வந்துவிடும், அவர்களை எந்தக் காரணத்துக்காகவும் காக்கவைக்காதே. பிரியாணி ஒத்துக்கொள்ளாத பெரியவர்களுக்கும் காரம் தாங்காத பிள்ளைகளுக்கும் ரெண்டு ஈடு இட்லி ஊற்றி ஹாட்பாக்ஸில் வை. மதுரைக்காரர்கள் வீட்டில் இட்லி வீணாகப் போனதாக நான் பார்த்ததில்லை.

பரிமாற நான்கு பேர். உன் வீட்டுக்காரர் சோறு, கொழுந்தன் தால்சா, நாத்தனார் வறுவலும் பச்சடியும், தண்ணீருக்கு ஒரு பெரிய பையன். இது யார் வேலை என்று முந்தின நாளே பெயர் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். வந்த இடத்தில் எல்லாருக்கும் உதவ ஆசைதான். என்ன செய்வதென்று தெரியாமல்தான் அடுப்படி வாசலில் கூடி நிற்கிறார்கள். இரண்டாம் பந்தியில் நீ உட்கார வேண்டும். முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் உனக்குப் பரிமாறட்டும்.

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களை ஹாலில் விருந்தாளி போல உட்காரவைத்துவிடாதே. அடுப்படி வாசலில் கைவைத்த நாற்காலி ஒன்று போட்டு உட்காரவை. பூண்டு உரிப்பது, மசாலா அளந்து போடுவது, உப்புப் பார்ப்பது எல்லாம் அவர்கள் கையில் இருக்கட்டும். அத்தனை வருஷம் சமைத்த கைக்கு அன்றைக்கு வேலை இல்லையென்றால் எவ்வளவு பெரிய விருந்தும் அவர்களுக்கு ருசிக்காது.

பூவும் சொல்லிவிடுகிறேன். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை எங்கேயோ போய்விடும். பெண்களுக்கு ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்.


தெற்குவாசல் பக்கத்து வீட்டுக்காரன் எழுதியது:

அக்கா, நாங்கள் சைவம். எங்கள் பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு வருஷா வருஷம் குடும்பத்தோடு போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் கீழ் வீட்டாரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கறி சமைக்கிற வீட்டில் உட்கார்ந்து சாப்பிட சிலருக்குத் தயக்கம் இருக்காது, சிலருக்கு இருக்கும். எங்கள் வீட்டிலேயே நானும் என் மனைவியும் சாப்பிடுவோம், அம்மா பழமும் காபியும் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அந்த வீட்டு ஆச்சி அதைத் தெரிந்துகொண்டு, அம்மா போனதுமே வற்புறுத்தாமல் யானைக்கல்லில் வாங்கின மலைப்பழத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அம்மாவுக்கு அந்த வீட்டின் மேல் அவ்வளவு பிரியம்.

இன்னொன்று, அது கார்த்திகை, மார்கழி. வருகிறவர்களில் அல்லது தெருக்காரர்களில் யாராவது ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தால் அவர்களும் அந்த நாளில் சைவம்தான். எண்ணிக்கையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்வதாக இருந்தால் சைவத்தை முதலில், சாயங்காலம் கறியை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். பாத்திரம், கரண்டி, எண்ணெய் தனி. பச்சடி தனிக் கிண்ணம். இதையெல்லாம் செய்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லியும்விடுங்கள், கேட்கக் கூச்சப்பட்டே சிலர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்கள். கேக்கில் முட்டை இருக்கும். கடையில் வாங்குகிற கேக், பிரெட் எதுவானாலும் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை சேர்த்ததற்கு நம் நாட்டில் அசைவக் குறிதான் போடுவார்கள்.

பிரியாணிக்குப் பதிலாக வெஜிடபிள் பிரியாணி வேண்டாம் என்பது என் கருத்து. பக்கத்து இலையோடு ஒப்பிட்டுக்கொண்டே சாப்பிடுகிற மாதிரி இருக்கும். தேங்காய்ப்பால் சாதம், காய்கறிக் குருமா, உருளைக்கிழங்கு வறுவல் என்று அதற்கென்று ஒரு விருந்தாக இருந்தால் கறி சாப்பிடுகிறவர்களே எட்டிப்பார்த்துக் கேட்பார்கள். கொஞ்சம் கூடவே செய்யுங்கள்.


செல்லூர் வாடகைப் பாத்திரக்காரர் எழுதியது:

டீச்சரம்மா சொன்னதுதான் சரி, மாஸ்டர் தேவையில்லை. ஆனால் தங்கச்சி, மாஸ்டர் வைக்கவேண்டும் என்று தோன்றினாலும் பயப்படாதீர்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது. பந்தல்காரர், சமையல்காரர், பாத்திரக் கடை எல்லாருக்கும் கை ஓய்வாக இருக்கிற மாதம். ஐயப்ப பூஜை அன்னதானத்துக்குப் பெரிய அண்டாக்கள் போகும், உங்களுக்கு வேண்டிய பத்து லிட்டர் தேக்சா எப்போதும் இருக்கும். இரண்டு தேக்சா, தால்சாவுக்கு ஒரு குண்டான், பரிமாற வாளி நான்கு, ஜக்கு நான்கு, மடக்கு டேபிள், சேர் பதினைந்து எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டு போகும்போதும் திருப்பும்போதும் எண்ணி, சீட்டில் எழுதி வாங்குங்கள். கரண்டிதான் எப்போதும் குறையும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் தயிர், புளி சேர்க்காதீர்கள். அலுமினியத்திலும் தால்சாவை ராத்திரி முழுக்க வைக்க வேண்டாம், எவர்சில்வருக்கு மாற்றிவிடுங்கள்.

பந்திக்கு மொட்டை மாடி நல்ல இடம். ஆனால் டிசம்பரில் மழையை நம்ப முடியாது. வடகிழக்குப் பருவமழை அந்த மாதக் கடைசியிலும் ஒரு தூறல் போட்டுப் பார்க்கும். மழை இல்லாவிட்டாலும் எட்டு மணிக்கு மேல் பனி இறங்கும், சோறு சீக்கிரம் ஆறிப்போகும், பெரியவர்களுக்குச் சளி பிடிக்கும். வெறும் துணி ஷாமியானா மழை தாங்காது, மேலே தார்ப்பாய் போடச் சொல்லுங்கள். முதல் பந்தி முதியவர்களுக்கு ஹாலிலும், பிள்ளைகளுக்கு மாடியிலும் என்று பிரித்தால் இடமும் போதும்.

மாடியில் விறகு வைத்துச் சமைக்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். தட்டு ஓடு பதித்த தளம் சூட்டில் வெடிக்கும், மறு மழைக்கு வீடு ஒழுகும். வாடகை வீட்டில் அந்த வேலையே வேண்டாம். ஆசைக்குக் கொஞ்சம் தேங்காய்ச் சிரட்டைக் கங்கு எடுத்து தம் போடும்போது மூடி மேல் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் ஈரத் துணியும் வெந்நீர்ப் பாத்திரமும் வேண்டாம், மூடி ஓரத்தை மைதா மாவு பூசி அடைத்துவிடுங்கள். ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும்.

மடக்கு டேபிளில் வாழை இலை வழுக்கும். முதலில் பேப்பர் ரோல் விரித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அதன் மேல் இலையைப் போட்டால் ஒட்டி நிற்கும். இலை மாட்டுத்தாவணியில் முந்தின நாள் சாயங்காலம் வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். முப்பது பேருக்கு நாற்பது இலை வாங்குங்கள், கிழிசல் போகும்.


நரிமேடு மருமகள் எழுதியது:

டீச்சர், அண்ணன்மார் எல்லாருக்கும் மனசார நன்றி. அத்தைக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அடுப்படி வாசல் நாற்காலி என்ற இடம் வந்ததும், அந்தப் பச்சை நாற்காலியை இப்போதே துடைத்துவை என்று சொல்லிவிட்டார்கள்.

கீழ் வீட்டு அம்மாவிடம் இன்று கேட்டேன். நாங்கள் வருகிறோம், ஆனால் குருமா நான் கொண்டுவருகிறேன், சாதம் மட்டும் நீ செய் என்றார்கள். அவர்கள் பாத்திரத்திலேயே வருவதால் எனக்கும் நிம்மதி. அவர்கள் மகன் மாலை போட்டிருக்கிறானாம், கேட்டது நல்லதாகப் போயிற்று. பெங்களூர்க் கொழுந்தனுக்குத் தால்சா வாளி என்று செய்தி அனுப்பிவிட்டேன், சரி மதினி என்று பதிலும் வந்துவிட்டது.

இரண்டு சந்தேகம் பாக்கி. பிள்ளைகள் ஜிகர்தண்டா கேட்கிறார்கள், வீட்டில் செய்யலாமா? அப்புறம், அத்தை தால்சாவுக்கு மாங்காய் போடுவார்கள். டிசம்பரில் மாங்காய்க்கு எங்கே போவது?


ஞானஒளிவுபுரம் டீச்சர் எழுதியது:

ஜிகர்தண்டாவை ராத்திரிக்கு வைக்காதே மகளே, பனியில் ஐஸ் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ஒன்பது பிள்ளைகளும் இருமும். 26ஆம் தேதி மதியம் வெயிலில் கொடு. பாதாம் பிசின் இரண்டு ஸ்பூனை முந்தின ராத்திரி ஒரு பெரிய பாத்திரத் தண்ணீரில் போட்டால் காலையில் பாத்திரம் நிறைய ஊதியிருக்கும். பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்து, நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்த்துக் கொடு. விருந்துக்கு இனிப்பாக நெய்யில் பிரெட் அல்வா போதும், அது சைவக்காரர்களுக்கும் ஆகும்.

மீந்த பிரியாணியைத் தேக்சாவிலேயே விடியும்வரை வைக்காதே. பந்தி முடிந்ததும் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வை. ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அதிலிருந்து காலையில் நன்றாகச் சுடவைத்துக் கொடு.

மாங்காய்க்கு அலைய வேண்டாம். கத்தரிக்காயும் வாழைக்காயும் சுரைக்காயும் போட்டு, எலுமிச்சை அளவு புளி கரைத்து, பருப்பும் காயும் வெந்த பிறகு ஊற்று. முன்னாலேயே ஊற்றினால் பருப்பு வேகாது. அத்தை வீட்டில் உப்பு மாங்காய் போட்டு வைத்திருந்தால் அதில் நான்கு துண்டு கழுவிப் போடலாம், ருசி கிட்டத்தட்ட வந்துவிடும். அப்படிப் போட்டால் தால்சாவுக்கு உப்பைக் கடைசியில் அத்தையிடம் கேட்டுப் போடு.